பூங்கா ஏரியில் கெண்டை பிடிக்க மகனை அழைத்துப் போகலாமா?

செந்தூல்_அம்மா எழுதியது:

வணக்கம். எனக்குத் தூண்டில் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், இங்கிலாந்துக்காரர்கள் பெரிய பெரிய கெண்டையைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடும் யூடியூப் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “நம்ம பூங்கா ஏரியிலும் இருக்கும்மா, போகலாம்மா” என்று தினமும் நச்சரிப்பு. அவன் அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாளே குறைவு. அதனால் நான்தான் அழைத்துப் போக வேண்டும்.

காலையில் நடக்கப் போகும்போது ஏரியின் மேற்பரப்பில் பெரிய மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் கெண்டையா? அந்த நேரத்தில் போட்டால் கிடைக்குமா? கடையில் கேட்டதற்கு 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு செட்டை எடுத்துக் காட்டினார்கள். பத்து வயதுப் பையனுக்கு அவ்வளவு தேவையா? இன்னொன்று, பிடித்தால் சமைக்கலாமா? என் மாமியார் இப்போதே மசாலா அரைக்கத் தயாராக இருக்கிறார்.

வெள்ளி_முள் எழுதியது:

அக்கா, பொது ஏரியை மறந்துவிடுங்கள். காசு கட்டி மணிக்கணக்கில் போடும் கோலாம் பஞ்சிங்குக்குக் கூட்டிப் போங்கள். மீன் நிறைய விட்டிருப்பார்கள், பையன் வெறுங்கையோடு வர மாட்டான். பூங்காவில் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து கும்பாவ் ஆகி, அதாவது ஒரு மீனும் கிடைக்காமல், வந்தால் அடுத்த வாரம் கேமைக் கையில் எடுத்துவிடுவான்.

தக்கை எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 400 வெள்ளியைப் பைக்குள் வையுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை நாள்களில் ஏரிக்குப் போகும் வசதி இப்போதுதான் வந்திருக்கிறது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை எனக்கு வாய்த்த நாளைச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

ஏரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயர் வெளியே வந்தால் ராத்திரியில் வலையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தனிச்செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன். நான் போகும் ஏரியில் ஒரு கரையில் மட்டும் தூண்டில் போட விடுகிறார்கள், மற்ற கரைகளில் ‘டிலாராங் மெமான்சிங்’ (மீன் பிடிக்கத் தடை) பலகை தொங்குகிறது. எந்தப் பூங்காவானாலும் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பலகை இல்லையென்றால் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பையன் முன்னால் யாரும் வந்து விரட்டக் கூடாது பாருங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. நான் போனபோது ஏழரை மணி, அப்போதுதான் வெளிச்சம் பரவியிருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் அவசர அவசரமாக இரையைத் தூக்கிப் போடுவார்கள். அது பசி இல்லை, மூச்சுத் திணறல். நம் ஊர் ஏரித் தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, அத்தனையும் பாசி. பகலில் வெயில் இருக்கும்வரை அந்தப் பாசி தண்ணீருக்கு உயிர்வளியைக் கொடுக்கும். இரவு முழுக்க அதுவும் சேர்ந்து உயிர்வளியைத் தின்னும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் உயிர்வளி ஆகக் குறைவு. மூச்சு வாங்குகிற மீன் எங்கே சாப்பிடப் போகிறது? ஆகவே நீங்கள் விடியற்காலையில் பையனை எழுப்பி இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நான் ஜாலான் ஈப்போவில் கட்டிக்கொண்டு வந்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, தூண்டில் ராட்டை உறையிலிருந்து எடுக்காமல் கரையைச் சுற்றி நடந்தேன்.

தேடியது குமிழியை. கெண்டை அடிச்சேற்றை மூக்கால் கிளறிப் புழுவும் நத்தையும் தேடும் மீன். கிளறும்போது சேற்றிலிருக்கும் காற்று பொடிப்பொடிக் குமிழியாக மேலே வரும். ஒரே இடத்தில் விட்டுவிட்டு வந்தால் அது வெறும் சேற்றுக் காற்று. கூட்டமாக வந்து, அந்தக் கூட்டம் மெல்ல நகர்ந்தால் கீழே மீன் மேய்கிறது. எட்டரை மணிக்கு மேல், மழைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நகரும் குமிழி தெரிந்தது. அங்கே புதுத் தண்ணீர், அடித்துக்கொண்டு வந்த தீனி, இரண்டும் சேர்ந்து இருக்கும். கரையிலிருந்து ஒரு கார் நீளம்கூட இல்லை. ஏரி நடுவுக்கு வீசினால்தான் பெரிய மீன் என்று நினைத்து ஓரத்தில் மேய்கிற மீனை மிதித்துத் துரத்துகிறவர்கள்தான் அதிகம். கெண்டைக்குக் காது கூர்மை. அதன் காற்றுப்பையையும் உள்காதையும் சின்னச் சின்ன எலும்புகள் இணைக்கின்றன, கரையில் பெட்டியைத் தொப்பென்று வைத்தால் அதற்குக் கேட்டுவிடும். பையனிடம் ஓடாதே என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இரை: முதல் நாள் வாங்கிய வெள்ளை ரொட்டி, ஓரம் கிள்ளியது. பாண்டான் இலை கொதித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் தவிடு, வறுத்துப் பொடித்த கச்சான் (வேர்க்கடலை) ஒரு கரண்டி. முள்ளில் நிற்கும் பதத்துக்குப் பிசைய வேண்டும். அதே மாவில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை நான்கு குமிழி வந்த இடத்தில் கையால் போட்டேன். நான்கே நான்கு. வாளி வாளியாகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்விடும், இவர்கள் முள்ளைப் பார்க்க அதற்கு என்ன தலையெழுத்து?

சாமான்கள்: ஏழடி ராட், சின்ன மெசின் (நரம்பு சுற்றும் ரீல்), 10 ராத்தல் தங்கூசி (தூண்டில் நரம்பு), 8-ஆம் நம்பர் முள், பென்சில் தக்கை, நெருக்கிப் பிடிக்கிற ஈயம் இரண்டு. மொத்தமே நூறு வெள்ளிக்குள் வாங்கியது. வாங்கிய முள்ளை அப்படியே கட்ட மாட்டேன், மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து நகத்தில் வைத்துப் பார்ப்பேன். பட்டறைப் பழக்கம்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கடைசி ஈயத்தை முள்ளிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கட்டி, அது தரையில் உட்காருகிற மாதிரி ஆழத்தை வைக்க வேண்டும். கெண்டை தலையைக் கவிழ்த்து இரையை உறிஞ்சிவிட்டு நிமிரும்போது அந்த ஈயத்தையும் சேர்த்துத் தூக்கும். அப்போது தக்கை முங்காது, மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். திலாப்பியா என்றால் தக்கை குதிக்கும், ஆடும், பாதி முங்கி வெளியே வரும். அதற்கெல்லாம் இழுக்காமல் இருக்கப் பழகுவதுதான் பாடு. ஒன்பதரை வரைக்கும் திலாப்பியாதான் என் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் கொத்தல் சுத்தமாக நின்றது. நிற்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும், பெரியவர்கள் வந்தால் பொடிசுகள் ஒதுங்கிவிடும்.

தக்கை மெதுவாக எழும்பிப் படுத்தது. கோலை உயர்த்தினேன், மெசின் கத்த ஆரம்பித்தது. டிராக்கை, அதாவது மெசினின் இறுக்கத்தை, எப்போதும் இளக்கித்தான் வைப்பேன், முதல் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் தங்கூசி அறும், இல்லையென்றால் வாய் கிழியும். வாய்க்கால் வாயிலிருந்து நேராக நடு ஏரிக்கு ஓடியது. ஓடவிட்டு, நின்றதும் சுற்றி, மறுபடி ஓடவிட்டு. நடந்துகொண்டிருந்த ஒரு பாக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்) நின்று பார்த்தவர், நான் கேட்காமலேயே கைவலையை எடுத்து முட்டி போட்டுத் தண்ணீருக்குள் பிடித்தார். லீ கோ. சாதாக் கெண்டைதான், வெங்கலத் தாம்பாள நிறம். கைத்தராசில் மூன்று கிலோவுக்கு மேல் காட்டியது. முதுகுத் துடுப்பின் முதல் முள் ரம்பம், அது வலையில் சிக்கிக்கொண்டு எடுக்க நேரமாயிற்று. உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: வாய் ஓரத்தில் இரண்டு ஜோடி மீசை இருந்தால் லீ கோ. வாய்க்குள் விரலை விடலாம், தாடையில் பல்லே கிடையாது. பல் எல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது, நத்தை ஓட்டையே அங்கேதான் நொறுக்கும்.

நான் எடுத்த மீனை விட்டுவிடுவேன். கையையும் தரையில் விரித்த துணியையும் நன்றாக நனைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து, தண்ணீருக்குள் நேராகத் தாங்கிப் பிடித்து, அதுவாக வாலை அடித்துப் போகும்வரை விடக் கூடாது. நம் ஊர்த் தண்ணீர் சூடு, அதில் உயிர்வளியே குறைவு, குளிர் நாட்டுக்காரர்கள் மாதிரி கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்க முடியாது. பாக் சிக் ஒரே ஒரு படம் எடுத்தார், அவர் கைப்பேசியில்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்ற சீன அம்மா “போலே மாக்கான்?” (சாப்பிடலாமா?) என்று கேட்டார். நான் விட்டதைப் பார்த்து அவருக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். அந்த நேரத்தில் ஒரு உடும்பு வந்து மிச்ச ரொட்டிப் பையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். கோலாலம்பூர் ஏரிக்கரையில் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்காதீர்கள், கிளையில் மாட்டுங்கள்.

உடும்பு விட்டுவைத்த கைப்பிடி மாவில் ஒரு ரோகு கிடைத்தது, ஒரு கிலோ தேறும். கடைசியில் வந்ததுதான் அன்றைக்கு எனக்கு விருந்து. இரண்டு மணிக்குத் தக்கை எழும்பியது, கோலை உயர்த்தினால் எதிர்ப்பே இல்லை. ஏதோ இலைக் குப்பை என்று சுற்றினேன். கரைக்கு வந்ததும் பார்த்தால் நீள உடம்பு, சாம்பல் பச்சை, பெரிய செதில். புல்கெண்டை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அத்தனை அடக்கமாக வந்தது, வலையைப் பார்த்ததும் ஆரம்பித்ததே ஒரு ஆட்டம்! என் சட்டை முழுக்கத் தண்ணீர், வலைப்பிடி வளைந்துவிட்டது, மறுகரையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இதற்கு மீசை இருக்காது. லீ கோவைவிடக் கொஞ்சம் பெரியது. நிறுக்கவில்லை, சீக்கிரம் விட வேண்டும் என்றிருந்தது.

மூன்று மணிக்குப் பத்துமலைப் பக்கம் கறுத்தது. ராட்டை மடக்கிவிட்டேன். இடி சத்தம் ஒன்று கேட்டாலும் போதும், இன்னும் ஒரு கடி என்று நிற்காதீர்கள். கார்பன் ராட்டில் மின்சாரம் பாயும், மின்னல் நேரத்தில் அதை நட்டுக்கொண்டு நிற்பது பைத்தியக்காரத்தனம்.

வெள்ளி_முள் தம்பி, கோலாம் பஞ்சிங்கை நான் குறை சொல்லவில்லை. அங்கே காசு கட்டிய ஒவ்வொரு நிமிடமும் முள் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்று தோன்றும். இந்தப் பையன் முதலில் ஏரியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும்.

வெள்ளி_முள் எழுதியது:

அண்ணே, அந்த நாள் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொட்டிக்குத் திலாப்பியா விடாதே! நான் டின் ஜாகுங்கைத்தான் (மக்காச்சோளம்) பயன்படுத்துவேன், அதுவும் ஹேர் ரிக்கில். அக்கா, உங்கள் மகன் அந்த வீடியோக்களில் பார்த்திருப்பான். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குக் கீழே மெல்லிய நூலில் கோப்பது. கெண்டை சந்தேகப்பட்டால் உறிஞ்சியதைத் துப்பிவிடும், முள் வெறுமையாக இருப்பதால் துப்பும்போது உதட்டில் மாட்டும். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. மூன்று மணி ஜாகுங்கைக் கோத்து, கனமான ஈயம் போட்டு, ராட்டைத் தாங்கியில் வைத்துவிட்டால் மீனே தன்னை மாட்டிக்கொள்ளும். தக்கையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தக்கை எழுதியது:

ஜாகுங் நல்ல இரைதான், திலாப்பியா தொல்லை அதில் குறைவு என்பதும் சரி. ஹேர் ரிக் விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை, அதுவும் பத்து வயதுப் பையனுக்கு. ராட்டைத் தாங்கியில் வைத்ததும் கையில் கைப்பேசி வந்துவிடும். ஒரு மூன்று கிலோ மீன் ஓடினால் தாங்கியோடு சேர்த்து ராட் ஏரிக்குள் போகும், அப்படிப் போன ராட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தக்கையாவது அவன் கண்ணைத் தண்ணீரில் வைத்திருக்கும்.

பச்சை_யூனிஃபார்ம் எழுதியது:

நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், தூண்டில் போடத் தெரியாது. சமைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகரத்துப் பூங்கா ஏரிகளில் பல வெள்ளத் தேக்கக் குளங்கள். தெரு வாய்க்கால் தண்ணீர் அதில்தான் வந்து சேரும், வண்டி எண்ணெயும் உணவுக்கடைக் கழிவும் சேர்த்துத்தான். அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம் என்பேன். மாமியாருக்கு ஆசையாக இருந்தால் பசாரில் வளர்ப்பு மீன் கிடைக்கிறது. குளத்து மீனின் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், சிலவகைப் பாசியும் மண் நுண்ணுயிரும் அதை உண்டாக்குகின்றன. புளிப்பு பட்டால் அது சிதையும். நம் வீடுகளில் குளத்து மீனுக்குப் புளியைத் தூக்கலாகக் கரைப்பது காரணத்தோடுதான்.

எனக்கு இதைவிடக் கவலை எலிச் சிறுநீர்க் காய்ச்சல். கையிலோ காலிலோ வெட்டுக் காயம், சிராய்ப்பு இருந்தால் ஒட்டுப்பட்டை போட்டு மூடுங்கள். தண்ணீரைத் தொட்ட கையோடு பையன் எதையும் சாப்பிடக் கூடாது, சோப்பும் குடிதண்ணீரும் எடுத்துப் போங்கள். வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஏரித் தண்ணீரில் கை வைத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கொசு மருந்து தடவ வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செந்தூல்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தக்கை அண்ணன் எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். உடும்பு வந்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னான். மாமியாருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது, “விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?” என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு கேள்வி மிச்சம். அவன் இடதுகைக்காரன், மெசின் வேறு மாதிரி வாங்க வேண்டுமா? அப்புறம், கரை ஓரம் நின்றால் பயமில்லையா? அவனுக்கு நீச்சல் அரைகுறைதான்.

தக்கை எழுதியது:

மெசின் வேறு வேண்டாம். கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், சாதாரண ஸ்பின்னிங் மெசின் பெரும்பாலானவற்றில் அந்த வசதி உண்டு. கடைக்காரரையே மாட்டித் தரச் சொல்லுங்கள்.

கரை விஷயம் சின்னதில்லை. இந்த வட்டாரத்து ஏரிகளில் பல, பழைய ஈயச் சுரங்கக் குழிகள். தித்திவங்சா ஏரியும் அப்படி வந்ததுதான். மேலே புல்லும் நடைபாதையுமாக அழகாக இருக்கும், ஓரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆழம் சடாரென்று இறங்கும், அடியில் சேறு வேறு. சிமெண்டுக் கரையோ கம்பித் தடுப்போ உள்ள இடமாகப் பாருங்கள். மிதவைச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், அந்த 400 வெள்ளியில் மிச்சம் இருக்கிறதே. வலையில் மீனை எடுக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், அவன் தண்ணீருக்குக் குனியக் கூடாது.

பண்டாராயா மீன் மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள். உடம்பெல்லாம் கவசம் மாதிரி கறுப்பாக, வாய் அடியில் இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்து நம் ஆறுகளை நிறைத்துவிட்டது. துடுப்பு முள் குத்தும், துணியால் பிடியுங்கள்.

உங்கள் மாமியாருக்கு: விட்டால்தானே அம்மா, அடுத்த வாரம் திரும்பப் பிடிக்க முடியும். ஏரிப் பெயர் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வாய்க்கால் வாய்க்கு இடது பக்கம், இரண்டாவது பெஞ்சு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் போங்கள்.